கப்பலில் ஒரே மேசை, தினமும் அரை மணி தாமதமாக வரும் குடும்பம்: காத்திருக்கணுமா, சாப்பிட ஆரம்பிக்கலாமா?

கோவை_நித்யா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பலில் போய் வந்தோம். நான், கணவர், அப்பா, அம்மா. நாங்கள் இருப்பது சிங்கப்பூரில்தான், அப்பா அம்மா கோவையிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கப்பலின் பெயர் வேண்டாம், கப்பல்காரர்கள் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

பெரிய டைனிங் ஹாலில் எங்களுக்கு முதல் பந்தி, மாலை 6 மணி. எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசை. நாங்கள் நாலு பேர், இன்னொரு குடும்பம் நாலு பேர், அவர்களும் தமிழ்க் குடும்பம்தான், சென்னை. கணவன், மனைவி, பத்தாவது படிக்கும் பையன், அந்த அம்மாவின் மாமியார். நல்ல மனிதர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் 6:35க்கு வந்தார்கள். வெயிட்டர் இரண்டு முறை வந்து "ஆர்டர் எடுக்கட்டுமா, காத்திருக்கட்டுமா" என்று கேட்டார். அம்மாதான் "வரட்டும், பாவம், சேர்ந்தே சாப்பிடலாம்" என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அறையிலேயே 5:45க்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். 6:20 இருக்கும், அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை ஆடுகிறது. மேசை நடுவில் இருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தேன், வெயிட்டர் ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை.

இரண்டாம் நாள் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வரும் இரவு. அவர்கள் மாடிப்படியில் போட்டோ எடுத்துக்கொண்டு 6:35க்கு வந்தார்கள். நாங்கள் அதற்குள் சூப் முடித்திருந்தோம். அவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து சூப், சாலட் என்று ஆரம்பித்தார் வெயிட்டர். எங்கள் மெயின் தட்டு வரும்போது 7:10. மூன்றாம் நாள் நான் காத்திருக்கவில்லை, 6:05க்கே ஆர்டர் கொடுத்துவிட்டேன். அவர்கள் வந்தபோது நாங்கள் ஐஸ்கிரீமில் இருந்தோம். அந்த அம்மா என் அம்மாவிடம், "ஒரு பத்து நிமிஷம் பார்த்திருக்கலாமே, நாங்க என்ன வேத்து ஆளா" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. கடைசி இரவு நாங்கள் அந்த ஹாலுக்கே போகவில்லை, மேலே பஃபேயில் தோசையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம்.

டிசம்பரில் அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஏழு இரவுப் பயணம் பதிவு செய்திருக்கிறேன். மறுபடி இப்படி மாட்டினால் என்ன செய்வது? நான் செய்தது தப்பா? எவ்வளவு நேரம் காத்திருப்பது மரியாதை?

---

தெம்பனிஸ்காரன் எழுதியது:

நித்யா, நீங்கள் செய்தது தப்பே இல்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

நான் சிங்கப்பூரிலிருந்து ஒன்பது முறை கப்பலில் போயிருக்கிறேன். என் கணக்கு பத்து நிமிடம். ஆறு மணி என்றால் 6:10 வரை மெனு பார்ப்பது, ரொட்டி, தண்ணீர் என்று போய்விடும், யாருக்கும் காத்திருப்பது போலவே தெரியாது. 6:10க்கு வெயிட்டர் வந்தால் உங்கள் நாலு பேருக்கும் ஆர்டர் கொடுத்துவிடலாம். பின்னால் வருபவர்கள், மேசையில் எந்தப் பதார்த்தம் ஓடுகிறதோ அங்கிருந்து சேர்ந்துகொள்வதுதான் பழைய வழக்கம். நம் கல்யாணப் பந்தி மாதிரிதான். இலை போட்டுப் பரிமாறி சாம்பார் முடிந்து ரசம் வந்த பிறகு ஒருவர் வந்து உட்கார்ந்தால், பந்தி முழுக்க நிறுத்தி வைத்து அவருக்குப் பருப்பிலிருந்து ஆரம்பிப்பார்களா? ரசத்திலிருந்து சேர்ந்துகொள்வார், இல்லை அடுத்த பந்திக்கு நிற்பார்.

இப்போது டிசம்பருக்கு என்ன செய்யலாம் என்பது. பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றில் சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு விதமான ஏற்பாடு இருக்கிறது. ஒன்று, நேரமும் மேசையும் குறித்துக் கொடுப்பது, உங்களுக்குக் கொடுத்த மாதிரி. இன்னொன்று, அந்தந்த நாள் நீங்கள் விரும்பும் நேரத்துக்குப் போய் உட்காருவது, கப்பல் நிறுவனத்தின் போன் ஆப்பில் முன்பதிவும் செய்யலாம். நார்வீஜியன் நிறுவனம் 2000இலேயே குறித்த நேரப் பந்தியைக் கைவிட்டது, அப்புறம் ராயல் கரீபியன், கார்னிவல் எல்லாமே இரண்டையும் வைத்துக்கொண்டு பயணிகளிடம் கேட்கிறார்கள். பதிவு செய்யும்போது முகவர் நம்மிடம் கேட்காமல் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார், அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. இன்றைக்கே போன் போட்டு என்ன போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். நாலு பேர் மேசை வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

ஏறிய பிறகு எட்டுப் பேர் மேசையில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், முதல் நாள் மதியமே டைனிங் ஹால் வாசலுக்குப் போங்கள். மேசை மாற்றம் கேட்பவர்களுக்காகத் தலைமைப் பரிசாரகர் அந்த நேரத்தில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். "அப்பாவுக்கு இன்சுலின், நேரம் தவறக்கூடாது" என்று ஒரு வரி போதும். முதல் நாள் கேட்டால் கிடைக்கும், மூன்றாம் நாள் கேட்டால் இடம் இருக்காது.

இன்னொன்று. இன்சுலினை அறையில் போடாமல், மேசையில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். லிஃப்டில் கூட்டம், வரிசை என்று கப்பலில் எதற்கும் ஐந்து நிமிடம் கூடுதலாகத்தான் ஆகும்.

---

முத்துநகர்_சேவியர் எழுதியது:

அக்கா, நான் தூத்துக்குடி. பதினோரு வருஷம் கப்பலில் வேலை, அதில் நாலு வருஷம் அசிஸ்டென்ட் வெயிட்டர், ஐந்து வருஷம் வெயிட்டர். இப்போது ஊரில் சின்னதாக ஹோட்டல் நடத்துகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் அந்த வெயிட்டரின் முகம்தான் கண்ணில் நின்றது, ஏனென்றால் அந்த "ஆர்டர் எடுக்கட்டுமா, காத்திருக்கட்டுமா" என்ற கேள்வியை நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அந்தக் கேள்வியை நாங்கள் சும்மா கேட்பதில்லை. "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட மாட்டார்களா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் கேட்போம்.

உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எனக்கும் என் அசிஸ்டென்டுக்கும் சேர்த்து ஒரு பந்திக்கு 24 பேர், மூன்று நாலு மேசை. 6 மணிக்கு உட்காருவார்கள், 7:30, 7:45க்குள் எழுந்தால்தான் 8:15 பந்திக்கு மேசை தயார். நடுவில் இருக்கும் அரை மணி நேரத்தில் துணி மாற்றி, கத்தி முள்கரண்டி வைத்து, கண்ணாடி டம்ளர் துடைத்து, நாப்கின் மடித்து, வெண்ணெய், ரொட்டி எல்லாம் நிரப்பணும். 8 மணிக்கே வாசலில் இரண்டாம் பந்தி ஆட்கள் நிற்பார்கள். ஊரில் கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்களே, அது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள்.

சமையலறையில் சூப்புக்கு ஒரு வரிசை, சூடான மெயினுக்கு ஒரு வரிசை. பெரிய டிரேயில் மூடி போட்ட தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பத்துப் பன்னிரண்டு தட்டு, தோளில் ஏற்றிக்கொண்டு வரணும். எட்டுப் பேரும் ஒரே கட்டத்தில் இருந்தால் ஒரே நடை. நாலு பேர் சூப்பிலும் நாலு பேர் மெயினிலும் இருந்தால் அந்த மேசைக்கு மட்டும் எல்லாமே இரட்டை நடை. ஒவ்வொரு நடைக்கும் வரிசையில் நிற்கணும். நான் உள்ளே நிற்கும் நேரத்தில் பக்கத்து மேசைக் குழந்தை பால் கேட்கும், இன்னொரு மேசையில் மீன் ஆறிவிட்டது என்பார்கள். ஒரு மேசையின் தாமதத்தை மூன்று மேசை சுமக்கும். சரி, இவர்களுக்காக மெயினை நிறுத்தி வைக்கலாம் என்றால் மீன் காய்ந்துபோகும், இறைச்சி கெட்டியாகிவிடும், அப்புறம் சமையல்காரரைத்தான் குறை சொல்வார்கள்.

இரண்டாம் பந்தியில் தாமதம் இதைவிட மோசம், அதை யாரும் யோசிப்பதில்லை. கப்பல் ஊழியர்களுக்கான 2006 கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டாகத்தான் பிரிக்கலாம், அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது தொடர்ந்து இருக்கணும். காகிதத்தில் அப்படி. ராத்திரி கடைசி விருந்தினர் 10:40க்கு எழுந்தால், காலை டிபனுக்கு மேசை போட்டு, குளித்துப் படுக்கும்போது 12. காலை 6 மணிக்கு மறுபடி சீருடையில் நிற்கணும். எழுந்திருக்க வேண்டியவர் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் அந்த இருபது நிமிடம் என் தூக்கத்திலிருந்துதான் போகும். ஆறேழு மாத வேலை ஒப்பந்தத்தில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததில்லை.

இதற்காகப் பயந்து பயந்து சாப்பிட வேண்டாம். நிதானமாகச் சாப்பிடுங்கள், இரண்டாவது முறை கேளுங்கள், அது எங்களுக்குச் சந்தோஷம்தான். நேரத்துக்கு உட்காருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். வர முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், "நாளைக்குப் புக்கெட்டிலிருந்து வர நேரமாகும், எங்களுக்காக நிறுத்த வேண்டாம்" என்று. அந்த ஒரு வரி இருந்தால் நான் அவர்களுடைய நாப்கினை எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களைக் கவனிப்பேன். நாலு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, வருவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் நிற்பதுதான் கொடுமை.

சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது, இந்தியச் சமையல் வேண்டும் என்பவர்கள் முந்தின நாள் இரவே வெயிட்டரிடம் சொல்லுங்கள். சொல்லிவைத்து, செய்துவைத்து, ஆள் வராமல் போனால் அந்த உணவு அப்படியே குப்பைக்குப் போகும். பார்க்கவே வயிறு எரியும்.

---

ராஜ்_பெங்களூரு எழுதியது:

எல்லோரும் அந்தக் குடும்பத்தை வில்லன் ஆக்குகிறீர்கள். விடுமுறைக்குப் போவதே மணி பார்க்காமல் இருக்கத்தான். வருஷம் முழுக்க அலுவலகம், ஸ்கூல் பஸ், மீட்டிங் என்று ஓடுகிறோம். லட்சக்கணக்கில் பணம் கட்டிக் கப்பல் ஏறி அங்கேயும் மணியடித்தால் சாப்பாடு என்றால் ஹாஸ்டல் மாதிரி இல்லையா? ஊழியருக்கு வேலைப்பளு என்றால் ஆட்களைக் கூட்ட வேண்டியது நிறுவனம்தான், பயணி இல்லை.

---

தெம்பனிஸ்காரன் எழுதியது:

ராஜ், ஆட்களைக் கூட்ட வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் மணி பார்க்காமல் சாப்பிட விரும்புபவர்களுக்குத்தான் மேலே பஃபே காலையிலிருந்து இரவு வரை ஓடுகிறது, விருப்ப நேர முறையும் இருக்கிறது. இரண்டுக்கும் தனியாகப் பணம் கிடையாது. அதையெல்லாம் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத நாலு பேரோடு ஆறு மணிக்கு என்று ஒத்துக்கொண்ட மேசையில் 6:30க்கு வருவது வேறு விஷயம். அங்கே செலவாகும் நேரம் உங்களுடையது மட்டும் இல்லை.

---

வள்ளி_கிள்ளான் எழுதியது:

தாமதமாக வரும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லலாமா.

என் மாமியார் சக்கர நாற்காலி. போன வருஷம் போர்ட் கிள்ளானிலிருந்து ஏறினோம். முதல் நாள் 5:40க்கே அறையை விட்டுக் கிளம்பினோம். லிஃப்ட் முன்னால் நின்றால், வரும் லிஃப்ட் எல்லாம் நிறைந்து வருகிறது. கதவு திறக்கிறது, உள்ளே இருப்பவர்கள் பார்க்கிறார்கள், ஒருத்தரும் இறங்கி வழிவிடவில்லை, கதவு மூடுகிறது. ஏழு லிஃப்ட் எண்ணினேன். நடக்க முடிந்தவர்கள், இளம் வயசுப் பிள்ளைகள், இரண்டு மாடிக்கு லிஃப்டில். நாங்கள் மேசைக்குப் போனபோது 6:20. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானே" என்று மெதுவாகச் சொன்னார். இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அன்றிரவே தலைமைப் பரிசாரகரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொண்டோம். அவர் 6:45க்கு வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை கொடுத்தார். அந்த நேரத்தில் லிஃப்ட் காலியாக இருக்கும். மீதி நாள் ஒரு பிரச்சினையும் இல்லை.

அதனால் நித்யா, நீங்கள் காத்திருக்கத் தேவையில்லைதான், அப்பாவின் உடம்பு முதல். ஆனால் அந்த அம்மாவிடம் முதல் நாளே "அப்பாவுக்கு இன்சுலின், அதனால் நாங்கள் சாப்பிட ஆரம்பித்துவிடுவோம், தப்பாக எடுக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் மூன்றாம் நாள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர்களோடும் ஒரு மாமியார் இருந்தார் என்கிறீர்களே. அவருக்கு என்ன வயசு, எப்படி நடந்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவர்கள் சென்னையிலிருந்து எப்போது வந்தார்கள்? முந்தின நாள் விமானத்தில் வந்திருந்தால், சிங்கப்பூர் மாலை 6 மணி என்பது சென்னையில் மதியம் 3:30. மதியச் சாப்பாடே அப்போதுதான் செரித்திருக்கும். நம் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு எட்டரை, ஒன்பது. ஆறு மணிக்குக் காபியும் பஜ்ஜியும்தான். வேண்டுமென்று தாமதம் செய்யாமல், உடம்பு அந்த நேரத்துக்கு வராமலும் இருந்திருக்கலாம். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு முதல் பந்தியைக் கொடுப்பதே தப்பு. 8:15 பந்தி என்றால் அவர்களுக்கு 5:45, அதுவாவது பரவாயில்லை.

---

மணி_செங்காங் எழுதியது:

சாப்பாட்டு மேசையில் அரை மணி தாமதித்தால் யாராவது முகம் சுளிப்பார்கள், அத்தோடு போயிற்று. அதே பழக்கம் கரையில் வந்தால் கப்பலே போய்விடும். இந்தத் திரியைப் படிப்பவர்களில் புக்கெட் போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் என் கதையைச் சொல்கிறேன்.

2019. கப்பல் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், அங்கிருந்து சின்னப் படகில் கரைக்குப் போகணும். கடைசிப் படகு 5:30 என்று, கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் இருந்தது. நாங்கள் கார் வைத்துக்கொண்டு புக்கெட் பழைய நகரம் போய்விட்டோம். கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம், என் போனில் மணி 3:40. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தேன். மனைவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, மணி 4:40 ஆகுது" என்றாள். ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அப்புறம் வயிற்றில் புளியைக் கரைத்தது. தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போன் கரையில் கால் வைத்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கிறது. தாளின் மேலேயே "கப்பல் நேரத்தை மாற்ற வேண்டாம்" என்று போட்டிருந்ததை நான் படிக்கவில்லை.

பழைய நகரத்திலிருந்து பாத்தோங்குக்கு நடுவில் ஒரு மலைப்பாதை ஏறி இறங்கணும். சாயங்காலம் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பின் சீட்டில் பிள்ளைகள் பேசவே இல்லை. நாங்கள் படகுத்துறையில் ஓடும்போது கப்பல் ஊழியர் ஒருவர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். எங்களைப் பார்த்து மறுபடி கட்டினார். படகில் ஏறி உட்கார்ந்தபோது 5:28. மனைவி கடைசிவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

கப்பல் ஏன் பத்து நிமிடம் நிற்காது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட்டையும் இழுவைப் படகுகளையும் நேரம் குறித்துத்தான் எடுக்கிறார்கள், அடுத்த துறைமுகத்திலும் இடம் நேரம் குறித்துத்தான். தாமதத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டலாமே என்றால், கப்பலுக்கு வேண்டிய எஞ்சின் சக்தி வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். வேகம் பத்து சதவீதம் கூடினால் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். அவ்வளவும் எண்ணெய்.

2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் எட்டுப் பயணிகள் தனியார் சுற்றுலாவுக்குப் போய் நேரத்துக்குத் திரும்பாமல் விடப்பட்டது உலகம் முழுக்கச் செய்தியானது. கப்பல் இன்னும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் நின்றது, ஆனாலும் ஏற்றவில்லை. நாடு நாடாக அலைந்து கடைசியில் செனகலின் டக்காரில் போய்த்தான் சேர்ந்தார்கள். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் பொறுப்பு அவர்களுடையது, காத்திருப்பார்கள் அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். நாமே கார் பிடித்துப் போனால் பொறுப்பு நம்முடையது. அப்படிப் போகிறவர்கள் கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பக் கிளம்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டின் படம் போனில் இருக்கட்டும். முக்கியமாக, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

---

முத்துநகர்_சேவியர் எழுதியது:

மணி அண்ணன் சொன்னது நூறு சதவீதம் உண்மை. இன்னொரு இடத்தையும் சேர்க்கிறேன், ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூடணும் என்று பயணிகளுக்குக் காட்டும் உயிர்காப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 ராத்திரி கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவுப் பாறையில் மோதியபோது பயணிகள் பலர் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அன்று சாயங்காலம் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சியே நடக்கவில்லை, மறுநாள் என்று வைத்திருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்பே, இல்லாவிட்டால் கிளம்பிய உடனே பயிற்சி முடிய வேண்டும் என்று விதி வந்தது.

முன்பெல்லாம் எல்லோரும் தளத்தில் வரிசையாக நிற்கணும், கடைசி ஆள் வரும்வரை வெயிலில் வயசானவர்களும் கைக்குழந்தைகளும் நிற்பார்கள். கையில் கோக்டெயிலோடு பதினைந்து நிமிடம் கழித்து ஒருவர் வருவார். கொரோனாவுக்குப் பிறகு நிறையக் கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, நமக்குரிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். ஏறியதும் முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள். எத்தனை முறை ஒலிபெருக்கியில் அறை எண்ணைச் சொல்லிக் கூப்பிட வைப்பது?

---

கோவை_நித்யா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். சேவியர் தம்பி எழுதியதைக் கேட்டுவிட்டு அப்பா, "அந்தப் பையன் ரெண்டு தடவை வந்து கேட்டான், நாம்தான் காக்க வெச்சுட்டோம்" என்றார். அவர் ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர்.

வள்ளி அக்கா, நீங்கள் சொன்ன 3:30 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் முந்தின நாள் இரவு விமானத்தில்தான் வந்தார்கள், பேச்சில் சொன்னார்கள். அந்தப் பாட்டி தடி ஊன்றித்தான் நடந்தார். முதல் நாள் அவர்கள் ஏன் தாமதம் என்று நான் கேட்கவே இல்லை, அப்பாவின் நிலையையும் சொல்லவில்லை. அவர்கள் வந்தபோது அப்பா சரியாகிவிட்டிருந்தார், எதற்கு அவர்களைச் சங்கடப்படுத்துவது என்று விட்டுவிட்டேன். அது எனக்கு இப்போது உறுத்துகிறது. அந்த அம்மாவின் எண் என்னிடம் இருக்கிறது, நேற்று ஒரு குரல் செய்தி அனுப்பினேன், நடந்ததை அப்படியே சொல்லி. ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார். "ஐயோ, சொல்லியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போமே" என்று அழுதேவிட்டார். முகவர் அவர்களையும் கேட்காமல்தான் ஆறு மணி போட்டிருக்கிறார். போட்டோ எடுத்த அன்றைக்கு மட்டும் தங்கள் தப்புதான் என்றார்.

டிசம்பருக்கு முகவரிடம் பேசிவிட்டேன். விருப்ப நேரம், நாலு பேர் மேசை, தினமும் 6:30 என்று ஆப்பில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்பாவின் டாக்டரும் மேசையில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகு ஊசி போட்டால் போதும் என்றுவிட்டார்.

சேவியர் தம்பி, கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் வெயிட்டருக்கு, ஜூஸ் எடுக்க ஓடியவருக்கு, நாங்கள் தனியாக எதுவும் கொடுக்கவில்லை. கடைசி இரவு ஹாலுக்குப் போகாததால் விட்டுப்போய்விட்டது. அறைக் கணக்கில் தினமும் ஒரு தொகை பிடித்தார்கள், அது அவருக்குப் போய்ச் சேருமா? இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

---

முத்துநகர்_சேவியர் எழுதியது:

அக்கா, தினமும் பிடிப்பது எல்லோருக்கும் பங்கு பிரியும், அவருக்கும் ஒரு பகுதி போகும். தனியாகக் கொடுக்க விரும்பினால் கடைசி இரவு ஒரு கவரில் கையில் கொடுப்பதுதான் வழக்கம். இப்போது அது முடியாது. ஆனால் பயணம் முடிந்ததும் கருத்துப் படிவம் ஒன்று மின்னஞ்சலில் வந்திருக்கும், தேடிப் பாருங்கள். அதில் அவர் பெயரையும் உங்கள் மேசை எண்ணையும் போட்டு, அப்பாவுக்கு என்ன ஆயிற்று, அவர் என்ன செய்தார் என்று நாலு வரி எழுதுங்கள். பெயர் போட்டு வரும் பாராட்டை மாலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள், பதவி உயர்வுக்குப் பார்க்கும்போது அதையும் எடுத்துப் பார்ப்பார்கள். நான் அசிஸ்டென்டிலிருந்து வெயிட்டர் ஆனது அப்படி வந்த இரண்டு கடிதத்தால்தான். பெயர் மறந்துவிட்டால் மேசை எண்ணும் தேதியும் போதும், அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.